சதுரங்க நிரலாளர்களும் அவர்கள் எழுதிய நிரல்களும்

சதுரங்கம் ஆடும் கணினி நிரலை எழுதுபவர் சதுரங்க நிரலாளர் எனப்படுகிறார். நிரல் ஓரளவு ஆடத் தொடங்கியதும் அதை எதிர்த்து முதலில் ஆடுபவர் பெரும்பாலும் அதை எழுதியவரே. தொடக்கத்தில் அவர் எளிதாக வெல்வார். பிழைகளைத் திருத்தத் திருத்த ஆட்டம் கடினமாகும். ஒரு நாள் அவர் தோற்பார். அதன்பின் அவர் வெல்வது அரிதாகி, இறுதியில் வெல்லவே முடியாத நிலை வரும்.

தான் எழுதிக்கொடுத்த விதிகளை மட்டுமே பின்பற்றும் ஒன்றிடம், அவற்றை எழுதியவரே எப்படித் தோற்கிறார்? கணினி அறிவியலின் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று. விதிகளை அறிந்திருப்பதும் அவ்விதிகளின் விளைவுகளை அறிந்திருப்பதும் வேறு வேறு என்பதே இதற்கான விடை. சதுரங்க நிரல்களின் வரலாறு இவ்விடையைப் படிப்படியாக விளக்குகிறது.

கேள்வியின் தொடக்கம்

சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி 1843-இல் அடா லவ்லேஸ் விரிவான குறிப்புகளை வெளியிட்டார். அப்பொறி எதையும் தானாகத் தோற்றுவிக்காது, எப்படிச் செய்வது என்று நாம் அறிந்து ஆணையிடுவதை மட்டுமே அது செய்யும் என்று அவற்றில் எழுதினார். இக்கருத்தை அப்படியே சதுரங்கத்துக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள், நிரலாளருக்கு எவ்வளவு ஆடத் தெரியுமோ அவ்வளவே அவரது நிரலும் ஆடும் என்ற முடிவுக்கு வருவார்கள்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950-இல் 'மைண்ட்' இதழில் வெளியான தம் கட்டுரையில் இதற்கு மறுமொழி கூறினார். இயந்திரங்கள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்றார் அவர். ஓர் உண்மையை அறிந்தவுடன் அதன் விளைவுகள் யாவும் மனத்தில் தோன்றிவிடும் என்று மக்கள் எண்ணுவது தவறு என்பதையும் சுட்டிக்காட்டினார். பெருக்கல் விதிகளை ஐந்தாம் வகுப்பு மாணவரும் அறிவார். ஆனால் இரண்டு பத்திலக்க எண்களைச் சொன்னதும் அவற்றின் பெருக்கற்பலன் அவர் மனத்தில் தோன்றிவிடாது. கணக்கிட்டுத்தான் அறியவேண்டும். சதுரங்கத்திலும் நிலைமை இதுவே.

தோற்காத ஒரு சிறு இயந்திரம்

கணினிகள் தோன்றுவதற்கு முன்பே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. எசுப்பானியப் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ 1912-இல் ஒரு மின்-இயந்திரக் கருவியை உருவாக்கினார். 1914-இல் அது பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் பெயர் 'எல் அஹெத்ரெசிஸ்தா'. எசுப்பானிய மொழியில் சதுரங்க ஆட்டக்காரர் என்பது இதன் பொருள். முழு ஆட்டத்தையும் ஆட அதற்குத் தெரியாது. இயந்திரத்திடம் வெள்ளை அரசனும் ஒரு கோட்டையும் இருக்கும். எதிரே ஆடும் மனிதரிடம் கறுப்பு அரசன் மட்டுமே இருக்கும். இந்நிலையில் இயந்திரம் சில எளிய விதிகளைப் பின்பற்றி இறுதி முற்றுகையை அடைந்துவிடும்.

அதன் ஆட்டம் மிகச் சிறந்தது என்று சொல்ல முடியாது. குறைந்த நகர்வுகளில் முடிக்கக்கூடிய ஆட்டத்தை அது நீட்டிக்கொண்டே போகும். சில தொடக்க நிலைகளில் ஐம்பது நகர்வுகளுக்கு மேலும் ஆகும். ஆயினும் முடிவு மாறாது. எதிரே அமர்பவர் யாராக இருந்தாலும், அதைச் செய்தவராகவே இருந்தாலும், தோல்வி அவருக்கே. விதிகள் அத்தனையும் தெரிந்திருப்பது அங்கு உதவாது. அந்நிலையில் தப்பும் வழியே இல்லை.

தாளில் ஓடிய நிரல்

டூரிங்கும் பொருளியலாளர் டேவிட் சாம்பர்நவுனும் 1948-இல் ஒரு சதுரங்க நிரலை வகுத்தனர். இருவர் பெயர்களையும் இணைத்து அது 'டூரோசாம்ப்' எனப்படுகிறது. அதை இயக்கக்கூடிய கணினி அவர்களிடம் இல்லை. ஆகவே 1952-இல் மான்செஸ்டரில் டூரிங் தாமே கணினியாக அமர்ந்தார். எழுதிவைத்த விதிகளைப் பார்த்து, தாளிலும் பென்சிலிலும் கணக்கிட்டு, நிரல் சொல்லும் நகர்வைப் பலகையில் ஆடினார். ஒவ்வொரு நகர்வுக்கும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. எதிரே ஆடியவர் அலிக் கிளென்னி என்ற கணினி அறிவியலாளர். 29 நகர்வுகளில் நிரல் தன் அரசியை இழக்கும் நிலைக்கு வந்து தோற்றது.

இந்த ஆட்டத்துக்குப் பின்னாளில் ஒரு தொடர்ச்சி உண்டு. டூரோசாம்பின் விதிகளை ஆய்வாளர்கள் தற்காலக் கணினியில் மீண்டும் எழுதிப் பார்த்தபோது, சில இடங்களில் 1952 ஆட்டத்தில் பதிவான நகர்வுகளிலிருந்து வேறுபட்ட நகர்வுகள் வந்தன. தாம் வகுத்த விதிகளையே கையால் பிழையின்றிப் பின்பற்றுவது டூரிங் போன்ற மேதைக்கும் கடினமாக இருந்தது. விதியை எழுதும் திறமையும் அதைச் சலிக்காமல் நிறைவேற்றும் திறமையும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே சான்று. 2012-இல் டூரிங் நூற்றாண்டு விழாவையொட்டி மான்செஸ்டரில் முன்னாள் உலக வாகையர் கேரி காஸ்பரோவ் இந்நிரலோடு ஆடினார். 16 நகர்வுகளில் அவர் வென்றார்.

நிரல் எப்படி ஆடுகிறது

நிரலாளர் தோற்பதன் காரணத்தை அறிய, சதுரங்க நிரலின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படையை வகுத்துத் தந்தார். நிரலில் மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது, விதிப்படி ஆடக்கூடிய நகர்வுகளைப் பட்டியலிடும் பகுதி. தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்பும் ஒருமுறை ஆடிய பின் 400 வகையான தொடர்கள் உண்டாகும். மூன்றாம் அரை நகர்வில் இது 8,902 ஆகிறது. நான்காவதில் 1,97,281, ஐந்தாவதில் 48,65,609. அரை நகர்வு என்பது ஒரு பக்கத்தார் ஒரு காயை ஒருமுறை நகர்த்துவதாகும்.

இரண்டாவது, மதிப்பீட்டுப் பகுதி. ஒரு நிலை யாருக்குச் சாதகம் என்பதை இது ஓர் எண்ணாகச் சொல்லும். சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 என்று காய்களுக்கு மதிப்பு தரப்படும். அரசனின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு, காய்கள் நடமாடும் இடம் ஆகியவற்றுக்கும் சிறு சிறு மதிப்புகள் சேர்க்கப்படும். நிரலாளரின் சதுரங்க அறிவு பெரும்பாலும் இப்பகுதியில்தான் நுழைகிறது.

மூன்றாவது, தேடல் பகுதி. 'நான் இதை ஆடினால் அவர் அதை ஆடுவார், அதற்கு நான் இதை' என்று பல அடுக்குகள் முன்னோக்கிப் பார்த்து, எதிராளி தன்னால் இயன்ற சிறந்த மறுமொழியைத் தருவார் என்று கொண்டு, தனக்கு நன்மை தரும் நகர்வைத் தேர்வது இதன் பணி. இதில் எல்லா வழிகளையும் பார்க்கவேண்டியதில்லை. ஒரு நகர்வுக்கு எதிராளியிடம் ஒரு வலுவான மறுமொழி இருப்பது தெரிந்துவிட்டால், அதே நகர்வுக்கான மற்ற மறுமொழிகளை ஆராய்வது வீண். இவ்வாறு வீண் கிளைகளை வெட்டும் முறைக்கு ஆல்ஃபா-பீட்டா கத்தரிப்பு என்று பெயர். ஒவ்வொரு நிலையிலும் 30 நகர்வுகள் இருப்பதாகக் கொண்டால், நான்கு அரை நகர்வுகளுக்கு 8,10,000 முடிவு நிலைகள் உண்டு. நகர்வுகள் நல்ல வரிசையில் அமைந்தால் இம்முறையில் ஏறத்தாழ 1,800 நிலைகளைப் பார்த்தாலே அதே விடை கிடைத்துவிடும்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. எந்த நிலையில் எந்தக் காயை நகர்த்துவது என்று நிரலாளர் எங்கும் எழுதவில்லை. எப்படித் தேடுவது, எதை நல்லது என்று கொள்வது என்பவற்றை மட்டுமே எழுதியிருக்கிறார். தேடலின் முடிவு ஆட்டத்தின்போதுதான் வெளிப்படுகிறது. அந்த முடிவைத் தம் மனத்தில் கணக்கிட அவரால் இயலாது. அவர் களைப்படைவார், ஒரு மூலையில் நிற்கும் மந்திரியை மறப்பார், வெற்றி உறுதி என்று எண்ணி அவசரப்படுவார். நிரலோ தான் பார்க்கும் ஆழத்துக்குள் எதையும் தவறவிடாது.

சாமுவேலின் செக்கர்ஸ் நிரல்

எழுதியவரை நிரல் மிஞ்ச முடியும் என்பதை ஆய்வாக நிறுவியது சதுரங்கத்தின் உறவு ஆட்டமான செக்கர்ஸ். ஐபிஎம் நிறுவனத்தின் ஆர்தர் சாமுவேல் 1950-களில் செக்கர்ஸ் ஆடும் நிரல் ஒன்றை எழுதினார். அந்த நிரல் கற்றுக்கொள்ளவும் செய்தது. அதன் இரு படிகள் ஒன்றோடொன்று ஆடும். ஒன்று தன் மதிப்பீட்டு எண்களை மாற்றிப் பார்க்கும். மற்றொன்று மாறாமல் நிற்கும். மாறும் படி வென்றால் அதன் எண்களே மற்றதற்கும் தரப்படும்.

1959-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், எட்டு அல்லது பத்து மணி நேரக் கணினி ஆட்டத்துக்குள் நிரலை எழுதியவரைவிட நன்றாக ஆட அந்த நிரலால் கற்றுக்கொள்ள முடியும் என்று சாமுவேல் அறிவித்தார்.

இதையொட்டி 1960-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு விவாதம் நடந்தது. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரங்கள் தம்மை வடிவமைத்தவர்களின் வரம்புகளைக் கடந்து செல்லக்கூடும் என்றும், அதில் ஆபத்து உண்டு என்றும் எச்சரித்தார். தம் நிரலால் மிஞ்சப்பட்ட சாமுவேலோ அதை மறுத்தார். இயந்திரத்துக்குச் சொந்த விருப்பம் எதுவும் இல்லை, அதன் முடிவுகள் மனிதர் தந்த நோக்கங்களிலிருந்தும் விதிகளிலிருந்துமே பிறக்கின்றன என்பது அவர் வாதம். ஆட்டத்தில் மிஞ்சுவதும் விருப்பத்தோடு செயல்படுவதும் வேறு என்று அவர் வரையறுத்தது இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தொடக்ககாலச் சதுரங்க நிரல்கள்

சதுரங்கம் செக்கர்ஸைவிடச் சிக்கலானது. ஆகவே சதுரங்க நிரலாளர்கள் தம் நிரலிடம் தோற்கச் சற்றுக் காலம் ஆனது.

1956-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 'மேனியாக்' கணினிக்கு எழுதப்பட்ட நிரல், மந்திரிகள் இல்லாத 6×6 கட்டப் பலகையில் ஆடியது. வலிமையான ஆட்டக்காரர் ஒருவர் தம் அரசியை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடியும் அதை வென்றார். ஆனால் ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஒருவரிடம் நிரல் 23 நகர்வுகளில் வென்றது.

1957-58 காலத்தில் ஐபிஎம் 704 கணினிக்கு முழுப் பலகையில் ஆடும் நிரலை அலெக்ஸ் பெர்ன்ஸ்டைனும் அவரது குழுவினரும் எழுதினர். பெர்ன்ஸ்டைன் தாமே தேர்ந்த ஆட்டக்காரர். ஒவ்வொரு நிலையிலும் ஏற்புடைய 7 நகர்வுகளை மட்டும் தேர்ந்து, நான்கு அரை நகர்வுகள் வரை அது பார்த்தது. ஒரு நகர்வுக்கு ஏறத்தாழ 8 நிமிடம் ஆனது. அவர் போன்ற ஆட்டக்காரரை எதிர்க்கும் வலிமை அதற்கு இருக்கவில்லை.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு கிரீன்பிளாட் 1966-இல் எழுதத் தொடங்கிய 'மேக் ஹேக்' நிரலே மனிதர்களுக்கான போட்டியில் பங்கேற்ற முதல் நிரல். 1967 ஜனவரியில் நடந்த முதல் போட்டியில் அது நான்கு ஆட்டங்களில் தோற்று ஒன்றைச் சமன் செய்தது. அதே ஆண்டின் பின்னர் நடந்த போட்டியில் ஒரு மனித ஆட்டக்காரரை வென்றது. சாதாரண மன்ற ஆட்டக்காரர் ஒருவர் தம் கணினியிடம் தோற்கக்கூடும் என்ற நிலை இங்கிருந்து தொடங்கியது எனலாம்.

பலவீனத்தை அறிந்து ஆடுதல்

தன் நிரலோடு ஆடும் நிரலாளருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நிரலின் பலவீனம் அவருக்குத் தெரியும். அவற்றுள் முக்கியமானது தொடுவான விளைவு. அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் 1970-களின் தொடக்கத்தில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார்.

ஒரு நிரல் ஐந்து அரை நகர்வுகள் வரை மட்டுமே பார்ப்பதாகக் கொள்வோம். தன் மந்திரி தப்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டிருப்பதை அது காண்கிறது. உடனே ஒரு சிப்பாயைத் தேவையின்றித் தள்ளி எதிராளியைப் பதில் ஆடவைக்கிறது. இதனால் மந்திரி வெட்டுப்படுவது ஏழாம் அரை நகர்வுக்குத் தள்ளிப்போகிறது. நிரலின் பார்வைக்கு அப்பால் போய்விட்டதால், இழப்பே இல்லை என்று அது முடிவு செய்கிறது. உண்மையில் சிப்பாயும் போகும், மந்திரியும் போகும். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று பூனை நினைத்த கதைதான்.

இத்தகைய குறைகளை அறிந்தவர்கள் காய்கள் நேருக்குநேர் மோதாத, சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட நிலைகளை உருவாக்குவார்கள். உடனடித் தாக்குதல் ஏதும் இல்லாத இடத்தில் நிரலுக்குத் திட்டம் தெரியாமல் போகும். ஸ்காட்லாந்தின் சர்வதேச மாஸ்டர் டேவிட் லெவி இவ்வழியில் புகழ்பெற்றார். 1968-இல் கணினி அறிவியலாளர் ஜான் மெக்கார்த்தி அவருடன் நட்புமுறையில் ஆடித் தோற்றார். மெக்கார்த்தி தாமும் சதுரங்க நிரல் ஆய்வில் ஈடுபட்டவர். தம்மால் வெல்ல முடியாத லெவியைப் பத்தாண்டுக்குள் ஒரு கணினி வெல்லும் என்று அவர் சொல்ல, அது பந்தயமாயிற்று. 1978-இல் டொராண்டோவில் நடந்த தொடரில் லெவி, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான 'செஸ் 4.7' நிரலை 3½–1½ என்ற கணக்கில் வென்று பந்தயத்தைக் கைப்பற்றினார். ஆயினும் அத்தொடரில் ஓர் ஆட்டத்தை அவர் இழந்தார். 1989-இல் 'டீப் தாட்' என்ற கணினி அவரை 4–0 என்று வென்றது. தேடலின் ஆழம் கூடக்கூட, தொடுவானம் மனிதர் பார்வைக்கும் அப்பால் சென்றுவிட்டது. பலவீனத்தை அறிந்திருந்தும் பயன்படுத்த முடியாத நிலை உருவானது.

வல்லுநர்கள் எழுதிய நிரல்கள்

நன்றாக ஆடுபவர் எழுதினால் நிரலும் நன்றாக ஆடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வரலாறு இதை முழுமையாக ஆதரிக்கவில்லை.

உலக வாகையராக விளங்கிய சோவியத் வீரர் மிகைல் போட்வின்னிக் மின்பொறியாளரும் ஆவார். ஒரு கிராண்ட்மாஸ்டர் சிந்திப்பதைப் போலச் சில வழிகளை மட்டும் தேர்ந்து ஆழமாகப் பார்க்கும் 'பயனீர்' என்ற நிரலை உருவாக்க அவர் பல ஆண்டுகள் உழைத்தார். சில கடினமான சதுரங்கப் புதிர்களைத் தீர்த்ததோடு அதன் வெற்றி நின்றது. போட்டிகளில் ஆடும் வலிமையுள்ள நிரலாக அது வளரவில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கும் தாம் எப்படிச் சிந்திக்கிறோம் என்பதை இயந்திரம் பின்பற்றக்கூடிய விதிகளாகச் சொல்ல இயலவில்லை.

தொடுவான விளைவுக்குப் பெயரிட்ட ஹான்ஸ் பெர்லினர், 1965 முதல் 1968 வரை அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் உலக வாகையராக இருந்தவர். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரது வழிகாட்டலில் உருவான 'ஹைடெக்', 1988-இல் கிராண்ட்மாஸ்டர் ஆர்னால்டு டென்கரை 3½–½ என்று வென்றது. அறிவோடு சிறப்பு வன்பொருளின் வேகத்தையும் இணைத்ததே இதன் வெற்றிக்குக் காரணம்.

லாரி காஃப்மன் மற்றொரு சிறந்த எடுத்துக்காட்டு. காய்களின் மதிப்பைப் பற்றி அவர் 1999-இல் எழுதிய கட்டுரை பெயர் பெற்றது. பல லட்சம் ஆட்டங்களின் தொகுப்பிலிருந்து கணக்கிட்டு, இரு மந்திரிகளும் ஒருசேர இருப்பது ஏறத்தாழ அரைச் சிப்பாய்க்குச் சமமான கூடுதல் நன்மை என்று அவர் காட்டினார். ஆட்டக்காரர்கள் உள்ளுணர்வால் அறிந்திருந்ததை அவர் எண்ணாக்கினார். 2008-இல் மூத்தோர் உலகப் போட்டி வழியாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற அவர், டான் டெய்லியுடன் இணைந்து 'கொமோடோ' நிரலை வளர்த்தார். அந்நிரல் 2016-இல் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுராவுக்குத் தொடக்கத்திலேயே சலுகை தந்து ஆடிய நான்கு ஆட்டங்களில் 2½–1½ என்று வென்றது. கிராண்ட்மாஸ்டரான காஃப்மன் எழுதுவதில் பங்கேற்ற நிரல், கிராண்ட்மாஸ்டர்கள் யாரும் சமமாக ஆட முடியாத உயரத்துக்குச் சென்றிருந்தது.

வல்லுநர் அல்லாதவர்கள் எழுதிய நிரல்கள்

மறுபுறம், பெரிய ஆட்டக்காரர்களாக இல்லாதவர்களும் வலிமையான நிரல்களை உருவாக்கினர். டூரிங்கே வலிமை குறைந்த ஆட்டக்காரர்தான். யூனிக்ஸ் இயக்கு தளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்சன், ஜோ காண்டனுடன் இணைந்து பெல் ஆய்வகத்தில் 'பெல்' என்ற சதுரங்கக் கணினியை அமைத்தார். அது 1980-இல் கணினிகளுக்கான உலகப் போட்டியை வென்றது. 1983-இல் அமெரிக்காவில் மாஸ்டர் தகுதியும் பெற்றது.

தாம்சன் மற்றொன்றையும் செய்தார். அரசியும் அரசனும் ஒருபுறம், கோட்டையும் அரசனும் மறுபுறம் உள்ள எல்லா நிலைகளுக்கும் சரியான விடையை முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சேமித்தார். அரசி வைத்திருப்பவருக்கு இது எளிய வெற்றி என்று நூல்கள் கூறிவந்தன. 1977-இல் டொராண்டோவில் கணினி கோட்டையுடன் தற்காத்து ஆடியபோது, பெர்லினர் போன்ற தேர்ந்த ஆட்டக்காரர்களே வெல்ல முடியாமல் திணறினர். கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுனும் முதல் முயற்சியில் ஐம்பது நகர்வு வரம்புக்குள் வெல்லவில்லை. பின்னர் அவர் கணினியின் ஆட்டத்தைப் படித்துத் தேர்ந்து, மறுமுறை சரியாக ஐம்பதாம் நகர்வில் வென்றார். இயந்திரம் இங்கே மனிதருக்கு ஆசிரியராயிற்று.

1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்த தொடரில் காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ஐபிஎம் 'டீப் புளூ' கணினிக்குப் பின்னால் இருந்த முதன்மையானவர்கள் ஃபெங்-சியுங் சு, மரே கேம்பல், ஜோசப் ஹோன் ஆகியோர். விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் அதன் சில்லுகளை வடிவமைத்த சு, வலிமையான ஆட்டக்காரர் அல்லர். ஆட்டத்தின்போது பலகையின் முன் அமர்ந்து கணினி சொன்ன நகர்வுகளை ஆடியவர்களும் இக்குழுவினரே. தங்கள் படைப்பு ஏன் அப்படி ஆடுகிறது என்பது பல சமயங்களில் அவர்களுக்கே உடனடியாக விளங்காது. சதுரங்க அறிவை ஊட்டுவதற்காகக் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் அக்குழுவில் பணியாற்றினார்.

தமிழ்நாட்டின் விசுவநாதன் ஆனந்தும் இக்காலகட்டத்தின் ஒரு சான்று. 1998-இல் எட் ஸ்குரோடர் எழுதிய 'ரெபெல் 10' என்ற நிரலுடன் அவர் எட்டு ஆட்டங்கள் ஆடினார். மொத்தத்தில் 5–3 என்று நிரல் வென்றது. ஆனால் நீண்ட நேரம் தரப்பட்ட இரு ஆட்டங்களில் ஆனந்த் 1½–½ என்று முன்னிலை பெற்றார். நிரலின் வெற்றி விரைவு ஆட்டங்களிலேயே குவிந்திருந்தது. சிந்திக்க நேரம் கிடைத்தபோது மனிதர் ஈடுகொடுக்க முடிந்த கடைசி ஆண்டுகள் அவை.

நிரலாளர் ஏன் தன் நிரலோடு ஆடுகிறார்

வெற்றி தோல்விக்கு அப்பால் இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு.

முதலாவது பிழை கண்டறிதல். கோட்டை கட்டும்போது அரசன் கடக்கும் கட்டம் எதிரியின் தாக்குதலில் இருந்தால் அந்நகர்வு செல்லாது. இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் கடந்து வெட்டும் விதி அடுத்த நகர்வில் மட்டுமே செல்லும். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் அரசியாக மட்டுமல்ல, குதிரையாகவும் மாறலாம். இவ்வாறான சிறு விதிகளில்தான் புதிய நிரல்கள் இடறும். இவற்றைச் சரிபார்க்க மேலே கூறிய 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்ற எண் வரிசை பயன்படுகிறது. ஒரு நிரல் எண்ணித் தரும் எண்ணிக்கை இவற்றோடு ஒன்றேனும் பொருந்தாவிட்டால், நகர்வுகளைப் பட்டியலிடும் பகுதியில் பிழை உள்ளது என்பது உறுதி. ஆனால் பொருந்தினாலும் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. கோட்டை கட்டுதலும் சிப்பாய் மாற்றமும் தொடக்க நிலையிலிருந்து ஐந்து அரை நகர்வுகளுக்குள் நிகழ வழியில்லை. ஆகவே வேறு தொடக்க நிலைகளிலும் எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

இரண்டாவது மதிப்பீட்டைச் சோதித்தல். அரசனின் முன்னுள்ள சிப்பாய்களை நிரல் காரணமின்றித் தள்ளிக்கொண்டே போனால், அரசனின் பாதுகாப்புக்குத் தந்த மதிப்பு குறைவு என்பதை நிரலாளர் பலகையிலேயே காண்கிறார். ஓர் எண்ணை மாற்றி மீண்டும் ஆடுகிறார்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நிரல் தன்னைவிட வலிமை பெற்ற பின், அது ஆடும் நகர்வு பிழையா அல்லது தனக்குப் புரியாத நல்ல நகர்வா என்பதை நிரலாளரால் சொல்ல முடியாது. மாணவரின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கே விடை தெரியாத நிலைமை போன்றது இது. எலோ தரவரிசை முறைப்படி, 400 புள்ளிகள் குறைந்தவர் 11 ஆட்டங்களில் ஏறத்தாழ ஒரு புள்ளி எடுப்பார். 800 புள்ளிகள் குறைந்தவர் ஏறத்தாழ நூறு ஆட்டங்களில்தான் ஒரு புள்ளி எடுப்பார். அத்தகைய இடைவெளியில், நிரலில் செய்த ஒரு திருத்தம் அதை மேம்படுத்தியதா கெடுத்ததா என்பதை எழுதியவர் தாமே ஆடி அறிய வழியில்லை.

ஆட்டத்திலிருந்து அளவீட்டுக்கு

எனவே நிரலாளர்கள் எதிராளியை மாற்றினர். சாமுவேல் காட்டிய வழியில், புதிய நிரலை அதன் பழைய படியோடு ஆடவிட்டனர். கட்டற்ற மென்பொருளான 'ஸ்டாக்ஃபிஷ்' 2008-இல் தொடங்கப்பட்டது. நார்வேயின் டோர்டு ரொம்ஸ்டாட் எழுதிய 'குளோரங்' நிரலிலிருந்து அதை மார்க்கோ கோஸ்டால்பா உருவாக்கினார். 2013 முதல் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற அமைப்பில் தன்னார்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை இதற்குத் தருகின்றனர். ஒரு வரித் திருத்தமாயினும், பழைய படியும் புதிய படியும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி முன்னேற்றம் உறுதியான பிறகே அது ஏற்கப்படுகிறது. முன்மொழிபவர் கிராண்ட்மாஸ்டரா தொடக்கநிலை ஆட்டக்காரரா என்பது அங்கு கேட்கப்படுவதில்லை. அழகாகத் தோன்றும் பல கருத்துகள் இச்சோதனையில் தோற்கின்றன.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஆல்ஃபாசீரோ' மேலும் ஓர் அடி சென்றது. ஆட்ட விதிகள் மட்டுமே அதற்குத் தரப்பட்டன. காய்களின் மதிப்புகூடத் தரப்படவில்லை. தன்னோடு தானே ஆடிக் கற்ற அது, ஸ்டாக்ஃபிஷின் அப்போதைய ஒரு படியுடன் 100 ஆட்டங்கள் ஆடி, 28-இல் வென்று 72-ஐச் சமன் செய்தது. ஒன்றிலும் தோற்கவில்லை. நிரலாளரின் சதுரங்க அறிவு நுழைந்த ஒரே வாசலான மதிப்பீட்டுப் பகுதியும் இவ்வாறு மூடப்பட்டது. 2020 முதல் ஸ்டாக்ஃபிஷும் மதிப்பீட்டுக்கு நரம்பியல் வலையமைப்பைப் பயன்படுத்துகிறது.

மதிப்பீடு

இன்று கைப்பேசியில் இயங்கும் நிரலும் உலக வாகையரை வெல்லும் வலிமை உடையது. ஆயினும் உலகெங்கும் மாணவர்களும் ஆர்வலர்களும் தமக்கெனப் புதிதாகச் சதுரங்க நிரல்களை எழுதி வருகின்றனர். உலகின் சிறந்த நிரலை எழுதுவது அவர்களுள் பெரும்பாலோர் நோக்கமன்று. விதியாக எழுதிய ஒன்று பலகையில் செயலாக மாறுவதைக் காண்பதே அவர்களுக்குப் பயிற்சி.

முதல் முறை தம் நிரலிடம் தோற்கும் மாணவர் அதிலிருந்து இரண்டு உண்மைகளை அறிகிறார். தாம் எழுதிய வரிகளுக்கு அப்பால் அந்த நிரலில் வேறு எதுவும் இல்லை என்பது ஒன்று. அந்த வரிகளுக்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்பது எழுதும்போது தமக்கே தெரியவில்லை என்பது மற்றொன்று. முதல் உண்மை லவ்லேஸ் சொன்னது, இரண்டாவது டூரிங் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது அவருக்குப் பலகையில் விளங்குகிறது.